பொறுப்பு யாருடையது?

(மலைநாட்டு மக்களின் வைத்திய உரிமை குறித்து ஹட்டனில் கூடிய கூட்டமொன்றில், சட்டத்தரணியும் அரசியல் அமைப்பாளருமாகிய அன்பர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று ஞாயிற்றுக்கிழமை. வாரம் முழுவதும் மலையேறிக் கொழுந்து பறித்தவர்களும், கந்தப்பளையிலும் இராகலையிலும் கரட்டும் லீக்ஸும் பயிரிடும் விவசாயிகளும், பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் உழைப்பவர்களும் தமக்குக் கிடைத்த ஓய்வு நாளில் இங்கே வந்திருக்கிறீர்கள். வவுனியாவிலிருந்தும் கிளிநொச்சியிலிருந்தும் சில நண்பர்கள் இரவுப் பயணம் செய்து வந்திருக்கிறார்கள். உங்கள் நேரத்தை வீணாக்க எனக்கு உரிமையில்லை. ஆகவே, பேச வந்த பொருளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பொதுப் பணத்தால் நடைபெறும் வைத்தியம் யாருக்கு உரியது? அது கிடைக்காதபோது நாம் யாரைக் கேட்பது? இவ்விரண்டு கேள்விகளில் முதலாவதற்கு விடை எல்லோருக்கும் தெரியும். இந்நாட்டில் பிறந்தவன் எவனும் அரசாங்க ஆஸ்பத்திரியில் காசின்றி வைத்தியம் பெறலாம் என்பது எழுபது ஆண்டுகளுக்கு மேலாக நிலவிவரும் கொள்கை. இரண்டாவது கேள்விக்குத்தான் மலைநாட்டில் இன்னும் தெளிவான விடை இல்லை. அந்த விடையைத் தேடிய ஒரு மனிதரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும்.

மூன்று கடிதங்கள்

2014ஆம் ஆண்டு அவர் என் அலுவலகத்துக்கு வந்தார். அவருடைய பெயரையோ, தோட்டத்தையோ, மாவட்டத்தையோ சொல்லப்போவதில்லை. வயது ஐம்பதுக்கு மேல். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். “உள்ளே வாருங்கள், பெரியவரே” என்று இரண்டு தடவை சொன்ன பிறகுதான் வந்து உட்கார்ந்தார்.

அவருடைய பேரக்குழந்தைக்கு இரண்டு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காய்ச்சலும் மூச்சுத் திணறலும் கண்டன. தோட்டத்து டிஸ்பென்சரி பூட்டிக் கிடந்தது. தோட்டத்து லொறியைக் கேட்டார்கள். அதற்கு அனுமதி தருபவர் ஊரில் இல்லை. பட்டணத்திலிருந்து முச்சக்கர வண்டியை அழைத்தார்கள்; அந்த வீதியில் ஏறினால் வண்டி உடைந்துவிடும் என்று ஓட்டுநர் மறுத்துவிட்டார். குழந்தையைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு நாலு மைல் இறங்கினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

“ஐயா, புள்ள போயிருச்சு. அத இனிமே யாரும் திருப்பித் தரப்போறதில்ல. ஆனா இதுக்குப் பொறுப்பு யாருன்னு மட்டும் தெரிஞ்சுக்கணும். யாரு மேலயாவது வழக்குப் போட முடியுமா?” என்று கேட்டார்.

நான் மூன்று கடிதங்கள் எழுதினேன். தோட்ட நிர்வாகத்துக்கு ஒன்று, சுகாதார அலுவலகம் ஒன்றுக்கு ஒன்று, உள்ளூராட்சி மன்றத்துக்கு ஒன்று. மூன்றுக்கும் பதில் வந்தது. நிர்வாகம் எழுதியது: குழந்தையின் தாயும் தந்தையும் தோட்டத்துச் செக்ரோலில் இல்லாதவர்கள், லொறி வேலையாட்களுக்கு உரியது. சுகாதார அலுவலகம் எழுதியது: டிஸ்பென்சரி தோட்டத்துக்குச் சொந்தமானது, அதைத் திறப்பதும் பூட்டுவதும் எமது அதிகாரத்துக்கு உட்பட்டதன்று. உள்ளூராட்சி மன்றம் எழுதியது: அந்த வீதி தோட்ட எல்லைக்குள் உள்ளது, அங்கே எமது நிதியைச் செலவிடச் சட்டம் இடந்தரவில்லை.

மூன்று கடிதங்களும் மரியாதையாக எழுதப்பட்டிருந்தன. சட்டத்தை வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் ஓரளவு நியாயமும் இருந்தது. அதுதான் என்னை அன்றிரவு உறங்கவிடவில்லை. பொய் சொன்னவனை நீதிமன்றத்தில் நிறுத்தலாம். மூன்று பேரும் உண்மையைச் சொல்லி, மூன்று உண்மைகளுக்கும் நடுவே ஒரு குழந்தை இறந்துபோனால் யாரை நிறுத்துவது? வழக்கென்றால் பிரதிவாதி ஒருவர் வேண்டும். எனக்குப் பிரதிவாதி கிடைக்கவில்லை.

இந்த நிலை எப்படி உண்டாயிற்று என்பதைச் சற்று விளக்க விரும்புகிறேன். இது தற்செயலாக வந்ததன்று. சட்டத்தாலும் அரசியலாலும் உண்டாக்கப்பட்டது.

துரையின் கடமை

கோப்பிக் காலத்தில் நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து மாத்தளை வந்தார்கள். வழியிலும், வந்து சேர்ந்த இடத்திலும் கொள்ளை நோய்களால் மாண்டவர் பலர். அந்தச் சாவுகள் இலண்டன் வரையில் பேசப்பட்ட பின்னரே 1872ஆம் ஆண்டில் வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டம் பிறந்தது. பிறகு 1912ஆம் ஆண்டில் வைத்தியத் தேவைகள் சட்டமும், தொழிலாளர் நோய்கள் பற்றிய சட்டமும் புதிதாக இயற்றப்பட்டன.

1912ஆம் ஆண்டுச் சட்டத்தை நான் பல தடவை படித்திருக்கிறேன். லயங்களையும் அவற்றின் சுற்றுப்புறத்தையும் சுத்தமாக வைத்திருப்பது துரையின் கடமை. தோட்டத்தில் யார் நோயுற்றிருக்கிறார் என்று அறிந்து ஆவன செய்வது அவருடைய கடமை. கடும் நோயென்றால் மாவட்ட வைத்திய அதிகாரியை அழைப்பதும் அவருடைய கடமை. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஒரு மாத காலம் உணவும் உறைவிடமும் கிடைக்கச் செய்வதும், அந்தக் காலத்தில் அவளை வேலைக்கு அழைக்காதிருப்பதும்கூட அவர் மீது சுமத்தப்பட்ட கடமைகளே.

எழுத்தளவில் இது கெட்ட சட்டமன்று. அந்நாளில் கிராமத்து விவசாயிக்கு இத்தகைய பாதுகாப்பு ஒன்றும் இருக்கவில்லை. ஆயினும் அதன் அடிப்படையைக் கவனியுங்கள். தோட்டத்து மனிதனின் உடல்நலம் அவனை வேலைக்கு வைத்திருப்பவரின் பொறுப்பாக்கப்பட்டது. அவன் இந்நாட்டின் குடிமகனாக வைத்தியம் பெறவில்லை. இன்ன தோட்டத்தின் ஆள் என்ற முறையில் பெற்றான். செக்ரோலில் பேர் இருக்கும் வரையில் மருந்து இருந்தது. கொடுத்தது போதாதென்றால் அதைக் கேட்க அவனுக்கு வழியும் இல்லை. துரையை வாக்குப் போட்டு மாற்ற முடியுமா?

வாக்கும் வைத்தியமும்

கிராமத்துக்கு ஆஸ்பத்திரி வந்த வரலாறு வேறு. 1931ஆம் ஆண்டில் டொனமூர் அரசியல் திட்டத்தின் கீழ் சர்வசன வாக்குரிமை வந்தது. வாக்குக் கேட்டு வந்தவனிடம் மக்கள் வீதி கேட்டார்கள், பள்ளிக்கூடம் கேட்டார்கள், மருந்தகம் கேட்டார்கள். 1934, 1935ஆம் ஆண்டுகளில் மலேரியாக் கொள்ளை நோய் ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொண்டுபோனது. அதன் பின்னர் மக்களுடைய கேள்வியை எந்த அரசியல்வாதியாலும் தட்டிக்கழிக்க முடியவில்லை. சிற்றூர்கள்தோறும் அரசாங்க மருந்தகங்கள் எழுந்தன. 1951ஆம் ஆண்டில் இலவச வைத்தியம் நாட்டின் கொள்கையாக நிலைபெற்றது. யாரோ ஒரு கருணாமூர்த்தி அளித்த கொடை என்று அதை நினைக்க வேண்டாம். வாக்குச் சீட்டு அதைப் பெற்றுத் தந்தது.

அதே காலத்தில் நமக்கு என்ன நடந்தது? 1948 ஜூலை 5ஆம் தேதி, செல்வனும் ஏழையும் ஒரே வாசலால் நுழையும் தேசிய சுகாதார சேவை பிரித்தானியாவில் தொடங்கிற்று. அதே 1948ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் தேதி இலங்கையில் பிரசாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம், பிரசையல்லாதவர்களின் வாக்கையும் பறித்தது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் மலைநாட்டுத் தமிழர் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தார்கள். 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் ஒருவர்கூடச் செல்லவில்லை. இலவச வைத்தியம் நாடெங்கும் வேரூன்றிய அந்த ஆண்டுகளிலேயே, அதைக் கேட்டுப் பெறுவதற்குரிய வாய் நமக்கு அடைக்கப்பட்டது.

அரசாங்க ஆஸ்பத்திரியின் கதவு நமக்குச் சாத்தப்பட்டிருந்தது என்று நான் சொல்லவில்லை. போனவர்களுக்கு வைத்தியம் செய்தார்கள். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலை விட முக்கியமானது வீடு தேடி வரும் சுகாதாரம். கர்ப்பிணியைப் பார்க்க வரும் மருத்துவிச்சி, கிணற்றையும் மலசலகூடத்தையும் பார்க்க வரும் பரிசோதகர், தடுப்பூசி போட வரும் தாதி ஆகியோர்தாம் கிராமத்து மரணங்களைக் குறைத்தவர்கள். அவர்கள் தோட்டத்து எல்லைக் கல்லோடு நெடுங்காலம் நின்றுவிட்டார்கள். உள்ளே இருப்பது துரையின் பொறுப்பு அல்லவா?

1964 அக்டோபர் 30ஆம் தேதி செய்யப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதரைப் பங்கிட்டது. கப்பலேறப் போகிறவனுக்கு ஆஸ்பத்திரி எதற்கு என்ற எண்ணம் அதிகார வர்க்கத்தின் மனத்தில் இருந்திராது என்று யாரால் உறுதி கூற முடியும்? பின்னர் 1972ஆம் ஆண்டிலும் 1975ஆம் ஆண்டிலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. தோட்டங்களுக்கு அரசாங்கமே எசமானாகிவிட்ட பின்னும், தோட்டத்து வைத்தியத்தைச் சுகாதாரத் திணைக்களம் ஏற்கவில்லை. 1974ஆம் ஆண்டின் உணவுப் பஞ்சத்தில் தோட்டங்களின் மரண விகிதம் நாட்டின் ஏனைய பகுதிகளைவிடப் பன்மடங்கு விரைவாக உயர்ந்தது. அந்தச் சாவுகளுக்காக எந்த மந்திரியும் பதவி இழக்கவில்லை. இறந்தவர்களின் வீட்டில் வாக்கு இருக்கவில்லை.

வாக்கு வந்த பின்

இன்று நிலைமை மாறியிருக்கிறது. 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் நாடற்றவர் என்ற பழிச்சொல்லைத் துடைத்தன. நமக்குப் பாராளுமன்றத்தில் உறுப்பினர்கள் இருக்கிறார்கள், மந்திரிகளும் இருந்திருக்கிறார்கள். 2017 மே 12ஆம் தேதி, இந்திய அரசாங்கத்தின் உதவியால் கட்டப்பட்ட 150 கட்டில்களைக் கொண்ட டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையை இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி திறந்து வைத்தார். 2016ஆம் ஆண்டில் மேற்கு, தென் மாகாணங்களில் தொடங்கிய 1990 அம்புலன்ஸ் சேவை பின்னர் மலைநாட்டுக்கும் வந்தது. அரசாங்க மருத்துவிச்சிகள் தோட்டங்களுக்குள் செல்கிறார்கள். லயத்துக் காம்பராவில் பிள்ளை பெறும் வழக்கம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. இவற்றை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

ஆயினும் 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வு என்ன சொல்கிறது? ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற வளர்ச்சியில்லாதோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேர். தோட்டங்களில் நூற்றுக்கு 32 பேர். மூன்று பிள்ளைகளில் ஒரு பிள்ளை! ஒரே நாடு, ஒரே சட்டம், ஒரே கொடி. பிள்ளையின் உயரம் மட்டும் தோட்ட எல்லையில் குறைந்துவிடுகிறது.

1992ஆம் ஆண்டில் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பெனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. அதன் பின் சில தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. ஏனையவை நிர்வாகத்திடமே இருந்தன. வைத்தியர் இல்லாத மருந்தகங்களைத் தோட்ட வைத்திய உதவியாளர் ஒருவர் தாங்கி நிற்கும் காட்சியை நீங்கள் அறிவீர்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். தோட்டத்தில் குடியிருப்போரில் பெரும்பான்மையினர் இன்று செக்ரோலில் இல்லை. மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான். மகள் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறாள். மருமகன் மரக்கறித் தோட்டத்தில் கூலிக்கு நிற்கிறான். அவர்கள் படுத்துறங்குவது அதே லயத்தில். தொழிலாளிக்கு என்று 1912ஆம் ஆண்டில் வகுத்த ஏற்பாடு, தொழிலாளியல்லாத இவர்களை எப்படித் தாங்கும்?

அமெரிக்கா தரும் பாடம்

உலகத்தின் மிகப் பெரிய செல்வ நாட்டிலும் இதே நோய் இருக்கிறது என்றால் சிலர் வியப்படையலாம். அமெரிக்காவில், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சம்பள உயர்வுக்கு அரசாங்கம் கட்டுப்பாடு விதித்தபோது, முதலாளிகள் ஆட்களை ஈர்ப்பதற்காக வைத்தியக் காப்புறுதியை அளிக்கலானார்கள். போர் முடிந்தும் அந்த வழக்கம் நிலைத்துவிட்டது. வேலை போனால் வைத்தியமும் போகும். நமது செக்ரோல் முறைக்கு நியூயோர்க்கில் கோட்டும் தொப்பியும் அணிவித்தாற் போன்றது அது.

1945ஆம் ஆண்டில் ஜனாதிபதி ட்ரூமன் எல்லோருக்கும் தேசியக் காப்புறுதி வேண்டுமென்று காங்கிரசைக் கேட்டார், அது நிறைவேறவில்லை. இருபது ஆண்டுகளுக்குப் பின், 1965 ஜூலை 30ஆம் தேதி, முதியவர்களுக்கு மெடிக்கேர் என்றும், வறியவர்களுக்கு மெடிக்கெயிட் என்றும் இரு திட்டங்களுக்கு ஜனாதிபதி ஜோன்சன் கையொப்பமிட்டார். வயது முதிர்ந்த ட்ரூமன் அருகில் அமர்ந்திருந்தார். இவற்றுள் மெடிக்கேர் மத்திய அரசின் பொறுப்பு. மெடிக்கெயிட் மத்திய அரசும் மாநிலமும் சேர்ந்து சுமக்கும் பொறுப்பு. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

2010ஆம் ஆண்டில் ஜனாதிபதி ஒபாமாவின் சட்டம் மெடிக்கெயிட் திட்டத்தை மேலும் பல வறியவர்களுக்கு விரிக்க முயன்றது. மாநிலங்களை அதற்கு நிர்ப்பந்திக்க முடியாது என்று 2012ஆம் ஆண்டில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புதிதாகச் சேர்வோருக்கான செலவில் நூற்றுக்கு 90 பங்கை மத்திய அரசு நிரந்தரமாகத் தர முன்வந்தும், டெக்சாஸ், புளோரிடா உட்படப் பத்து மாநிலங்கள் ஏற்காதிருந்தன. அம்மாநிலங்களிற் பலவற்றில் விளைந்தது என்ன? ஓரளவு சம்பாதிப்பவனுக்குக் காப்புறுதி வாங்க மத்திய அரசு பண உதவி செய்கிறது. அவனைவிட வறியவனுக்கு அந்த உதவியும் இல்லை, மெடிக்கெயிட்டும் இல்லை. மத்திய அரசைக் கேட்டால் மாநிலத்தைக் காட்டும். மாநிலத்தைக் கேட்டால் மத்திய அரசைக் காட்டும்.

முதியவர்களின் மெடிக்கேரில் கைவைக்க எந்தக் கட்சியும் அஞ்சுகிறது. ஏனென்றால், அதற்குப் பொறுப்பு யாரென்று ஒவ்வொரு முதியவருக்கும் தெரியும். அவர்கள் தவறாமல் வாக்களிக்கிறார்கள். ஏழைகளின் மெடிக்கெயிட்டை வெட்டுவது அவ்வளவு அச்சந் தருவதில்லை. பொறுப்பு எங்கே தெளிவாக இருக்கிறதோ அங்கே உரிமை நிலைக்கிறது. எங்கே பங்கிடப்பட்டிருக்கிறதோ அங்கே கரைகிறது. அட்லாண்டிக் கடலுக்கு அப்பாலும் நானுஓயாவுக்கு இப்பாலும் இந்த விதி ஒன்றுதான்.

மூன்று ஆட்சேபங்கள்

இதற்கு மறுப்புச் சொல்வோரும் உண்டு. கம்பெனிகள் சொல்கின்றன: தேயிலைத் தொழிலில் இலாபம் இல்லை, ஊரார் அனைவருக்கும் வைத்தியம் பார்ப்பது எங்கள் வேலையா? இதில் பாதி எனக்கு உடன்பாடே. ஊராருக்கு வைத்தியம் பார்ப்பது அரசாங்கத்தின் வேலைதான். ஆகையால் மருந்தகத்தையும் அது நிற்கும் நிலத்தையும் அரசாங்கத்திடம் முழுமையாக ஒப்படையுங்கள். தொழிலில் ஏற்படும் விபத்துக்கும், மருந்துத் தெளிப்பால் வரும் கேட்டுக்கும், பிள்ளை மடுவத்துக்கும் உள்ள பொறுப்பு மட்டும் உங்களிடமே இருக்கும்.

அரசாங்கம் சொல்கிறது: பணம் எங்கே? 2022 ஏப்ரல் 12ஆம் தேதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பித்தர இயலாதென்று நாடு அறிவித்ததையும், ஆஸ்பத்திரிகளில் மருந்தின்றி டாக்டர்கள் கைபிசைந்து நின்றதையும், பின்னர் பலர் கடல்கடந்து சென்றதையும் நாம் மறக்கவில்லை. ஆனால், சுருங்கிய பையிலிருந்து முதலில் யாருக்குக் கொடுப்பது என்பது கணக்குக் கேள்வியன்று, அரசியற் கேள்வி. 2024 சனவரி முதல் நூற்றுக்கு 18 என்று உயர்த்தப்பட்ட பெறுமதி சேர் வரியை, சவர்க்காரம் வாங்கும் கொழுந்து பறிக்கும் பெண்ணும் கட்டுகிறாள். அவள் பறித்த கொழுந்து நூற்றைம்பது ஆண்டுகளாக இந்நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடித் தருகிறது. அவளுக்குக் கிடைக்கும் வைத்தியத்துக்கு இலவசம் என்று பெயர் இட்டிருக்கிறோம். உண்மையில் அவள் முன்கூட்டியே விலை கொடுத்துவிட்டாள்.

மூன்றாவது ஆட்சேபம் நம்மவர்களிடமிருந்தே வருகிறது. “தோட்டத்து டிஸ்பென்சரி கிழடானாலும் நம்முடையது. அரசாங்கம் எடுத்தால் இருக்கிற உதவியாளரும் போய்விடுவார், வருபவருக்குத் தமிழும் தெரியாது” என்கிறார்கள். இந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். பெயர்ப்பலகையை மாற்றிவிட்டு ஆளை அனுப்பாத பொறுப்பேற்பு நமக்கு வேண்டாம். புதியவர் வந்து சேரும் வரையில் பழைய மருந்தகத்தை ஒரு நாளும் பூட்டக்கூடாது. இப்பொழுது பணிசெய்யும் உதவியாளர்களுக்குப் பயிற்சியளித்து அரசாங்க சேவையில் ஓரிடம் தர வேண்டும். தமிழ் 1987ஆம் ஆண்டு முதல் அரசியலமைப்பின்படி இந்நாட்டின் ஆட்சிமொழியே. தன் நோயைத் தன் மொழியில் சொல்ல முடியாத நோயாளி பாதி ஊமை.

நாம் கேட்க வேண்டியவை

இனி, சட்டத்தரணி என்ற முறையில் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளில் சுகாதார உரிமை தனியாக இடம்பெறவில்லை. அரசு செய்ய வேண்டிய நற்காரியங்களைக் கூறும் அத்தியாயம் ஒன்று உண்டு. ஆனால் அதை வைத்து எந்த நீதிமன்றத்திலும் உரிமை கோர முடியாது என்று 29ஆம் உறுப்புரை கதவடைக்கிறது. சமத்துவத்தைக் கூறும் 12ஆம் உறுப்புரை நம் கையில் இருக்கிறது. அதை நாம் பயன்படுத்தவும் வேண்டும். ஆனால் நீதிமன்றம் ஒன்றே போதும் என்று நம்பியிருப்பது மடமை. இந்த வழக்குக்குப் பெரிய நீதிமன்றம் வாக்குச் சாவடி. அங்கும் பிரதிவாதி யாரென்று தெரிந்திருக்க வேண்டும். 13ஆம் திருத்தம் சுகாதாரத்தை மத்திக்கும் மாகாணத்துக்கும் பங்கிட்டது. 2018 அக்டோபரில் மத்திய மாகாண சபையின் காலம் முடிந்தது. அதன் பின் ஆண்டுகள் பல கடந்தும் தேர்தல் வரவில்லை. பங்காளி ஒருவரையே காணவில்லையென்றால் பங்கை யாரிடம் கேட்பது?

ஆகவே நாம் கேட்க வேண்டியவை நான்கு.

முதலாவது, ஒவ்வொரு லயமும் எந்தச் சுகாதார வைத்திய அதிகாரியின் பிரிவில் இருக்கிறது, அதன் மருத்துவிச்சி யார், பரிசோதகர் யார் என்பதைப் பெயரோடும் தொலைபேசி இலக்கத்தோடும் தமிழில் எழுதி மருந்தக வாசலில் தொங்கவிட வேண்டும். இதற்குக் கோடி ரூபா தேவையில்லை. ஒரு பலகையும் கொஞ்சம் வெட்கமும் போதும்.

இரண்டாவது, எஞ்சியிருக்கும் தோட்ட மருந்தகங்களை எந்தத் தேதியில், எந்த ஆளணியோடு அரசாங்கம் ஏற்கப்போகிறது என்ற அட்டவணையைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும்.

மூன்றாவது, வீதி. பிரதேச சபைகள் தோட்டங்களில் நிதி செலவிடத் தடையாயிருந்த 33ஆம் பிரிவு 2018ஆம் ஆண்டில் திருத்தப்பட்டுவிட்டது. அந்தப் பெரியவருக்கு 2014ஆம் ஆண்டில் வந்த பதிலை இனி எந்தச் சபையும் எழுத முடியாது. எழுதினால் என்னிடம் கொண்டு வாருங்கள். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் புறப்படும். லயம் வரையில் வருவதற்கு வீதி வேண்டாமா?

நான்காவது, கிளினிக்குக்குப் போகும் கர்ப்பிணிக்கும், பிள்ளைக்கு ஊசி போடப் போகும் தாய்க்கும் அன்றைய பேர் வெட்டப்படக்கூடாது. அரை நாட் சம்பளத்துக்கு அஞ்சி அவள் போகாதிருந்தால், ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருந்தும் பயனில்லை.

வாக்குக் கேட்டு வருபவர் எக்கட்சியினராயினும், நம் கட்சியினரேயாயினும், இந்த நான்கையும் கேளுங்கள். நாடா வெட்டிய படத்தைக் காட்டினால், “ஐயா, திறந்து வைத்தீர்கள், நன்றி. இன்றைக்கு அங்கே எத்தனை டாக்டர்?” என்று கேளுங்கள். ஆஸ்பத்திரி கட்டித் தந்தேன் என்று உரிமை கொண்டாடுபவர், அங்கே மருந்தில்லாத நாளில் அதற்கும் பொறுப்பேற்க வேண்டும்.

கற்ற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. டாக்டர்களே, ஆசிரியர்களே, மலைநாட்டில் இரண்டு ஆண்டுகள் பணியாற்றுவதைத் தண்டனையாக எண்ணாதீர்கள். வன்னியிலிருந்து வந்த விவசாய நண்பர்களே, உங்களுள் பலருடைய பெற்றோர் கலவரங்களுக்குத் தப்பி இந்த மலைகளிலிருந்து அங்கே வந்தவர்கள். கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் நீங்கள் துண்டு எடுக்கும்போது, எந்த முதலாளியின் ஆள் என்று யாரும் உங்களைக் கேட்பதில்லை. அந்தக் கேள்வி இங்கேயும் கேட்கப்படாத நாள் வர வேண்டும்.

அந்தப் பெரியவருக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று நீங்கள் கேட்கலாம். மூன்று கடிதங்களையும் தமிழில் மொழிபெயர்த்து வாசித்துக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “அப்ப யாருமே இல்லீங்களா, ஐயா?” என்றார். என்னிடம் பதில் இருக்கவில்லை. கட்டணம் என்று சட்டைப்பையிலிருந்து எடுத்த நோட்டை நான் வாங்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

இனியொருவர் அதே கேள்வியோடு என் வாசலுக்கு வந்தால், “இருக்கிறார், பெரியவரே, இன்ன பதவியில், இன்ன பெயரோடு இருக்கிறார், வாருங்கள், போய்க் கேட்போம்” என்று சொல்ல விரும்புகிறேன். அதை என்னால் மட்டும் உண்டாக்க முடியாது. இங்கே கூடியிருக்கும் நீங்கள் எல்லோரும் தோட்டந்தோறும் சென்று கேட்டால் உண்டாக்க முடியும்.